நீலியின் கதையைத் திருத்தி எழுதியவர்கள்

கற்பனை உலக விளையாட்டுகளை ஆடுவோருக்கு ‘மாட்யூல்’ என்ற சொல் நன்கு பழக்கமானது. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டை வெளியிட்ட நாள்தொட்டு, விதிகளை ஒருவர் வகுப்பதும், அவ்வுலகில் நிகழும் சாகசத்தை வேறொருவர் கட்டுவதும், ஆடுவோர் பாத்திரமேற்று அதற்குள் நடப்பதும் வழக்கமாயின. 2002இல் கனடாவின் பயோவேர் நிறுவனம் ‘நெவர்விண்டர் நைட்ஸ்’ விளையாட்டோடு கதை கட்டும் கருவியையும் சேர்த்தே கொடுத்தது. ரசிகர்கள் ஆயிரக்கணக்கான சாகசங்களைத் தாமே கட்டிப் பகிர்ந்தனர். ஆடியவர்கள் குறை சொன்னார்கள்; கட்டியவர்கள் திருத்தினார்கள். இது கணினி யுகம் ஈன்ற புதுப் பண்பாடு என்று பேசப்படும்போது மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. நெய்யாற்றின்கரை, பாறசாலை, விளவங்கோடு, கல்குளம் என நீளும் எல்லைச் சிற்றூர்களில் கதை கேட்டு வளர்ந்தவர் எவருக்கும் இம்முறை அந்நியமன்று. அங்கே எழுதியவர் பெயர் இல்லாத ஒரு கதை, கேட்டவர்களின் விருப்பத்துக்கேற்பத் திருத்தப்பட்டுக்கொண்டே வந்திருக்கிறது. அதன் நாயகி நீலி.

நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டில் வழங்கும் வடிவத்தை முதலில் சொல்கிறேன். கோயிற் பூசை செய்யும் பிராமண இளைஞன் ஒருவன் தாசி ஒருத்தியின்மீது மையல் கொண்டு பொருளையெல்லாம் இழக்கிறான். கையில் காசற்றதும் தாசியின் தாய் அவனை விரட்டுகிறாள். மகளோ அவனை உண்மையாகவே விரும்பியவள். அவன் பின்னே புறப்பட்டு வருகிறாள். கள்ளிக்காட்டில் அவன் மடியில் தலைவைத்து அவள் உறங்கும்போது, நகைக்கு ஆசைப்பட்டுக் கல்லால் அவளைக் கொல்கிறான். அதற்குச் சாட்சி அங்கே நின்ற கள்ளிச்செடி மட்டுமே. தேடி வந்த அவளுடைய அண்ணனும் மடிகிறான். கொலைகாரனும் பாம்பு தீண்டி இறக்கிறான். அடுத்த பிறவியில் அண்ணனும் தங்கையும் சோழ அரசனின் பிள்ளைகளாக, நீலன், நீலி என்று பிறக்கிறார்கள். இரவில் தொட்டிலிலிருந்து இறங்கி ஆடுமாடுகளைத் தின்கிறார்கள். அரசன் அவர்களைக் காட்டில் விடுகிறான். பிராமணன் வணிகன் ஆனந்தனாகப் பிறக்கிறான்.

இதற்குப் பிறகுதான் கதையின் உச்சம். காட்டுவழியில் வரும் வணிகனிடம், பேயை அண்டவிடாத ஒரு படைக்கலம் இருக்கிறது. அது கையில் உள்ளவரை நீலியால் அவனைத் தொட இயலாது. ஆகவே அவள் கள்ளிக்கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, “இவன் என் கணவன், என்னைக் கைவிட்டு ஓடுகிறான்” என்று ஊராரிடம் முறையிடுகிறாள். வழக்கை விசாரிக்கும் எழுபது வேளாளர்கள் குழந்தையைக் கீழே விடச் சொல்கிறார்கள். அது தவழ்ந்து போய் வணிகனை ‘அப்பா’ என்கிறது. அவனுக்கு ஏதேனும் நேர்ந்தால் தாங்களும் உயிர் விடுவோம் என்று உறுதியளித்து, படைக்கலத்தை வாங்கிக்கொண்டு, இருவரையும் ஓர் அறையில் தங்க வைக்கிறார்கள். விடிந்தால் வணிகன் பிணம். எழுபதின்மரும் சொன்ன சொல்லின்படி தீப்பாய்கிறார்கள். முன்பிறவியில் கொலைக்குச் சாட்சியாய் நின்ற கள்ளியே மறுபிறவியில் பொய்ச்சாட்சி சொல்லும் குழந்தையாகிறது என்பது, நான் அறிந்த கதைப்பின்னல்களுள் மிகச் செறிவான ஒன்று. யார் கட்டியது என்பது தெரியாது என்பதாலேயே அதைப் ‘பாமரர் கற்பனை’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

இக்கதை நாஞ்சில் நாட்டில் பிறந்ததன்று. தொண்டை மண்டலத்தில் திருவாலங்காட்டை அடுத்த பழையனூரே அதன் பழைய இருப்பிடம். ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகம் இதனைச் சுட்டுகிறது. அங்கே இக்கதையின் நாயகர்கள் எழுபது வேளாளர்கள். நீலி அவர்களது வாய்மையைச் சோதிக்க வந்த கருவி மட்டுமே. அவர்கள் தீப்பாய்ந்ததன் நினைவாகப் பழையனூரில் மண்டபமும் உண்டு. நிலவுடைமைக் குடிகள் தம் சொல்லின் பெருமையைச் சொல்ல வைத்துக்கொண்ட கதை அது. அதே கதை தெற்கே வந்தபோது எடை முழுவதும் இடம்பெயர்ந்துவிட்டது. முற்பிறவிக் கொலை விரித்துப் பாடப்படுகிறது. அவளது காதல் உண்மையானது என்பது அழுத்திச் சொல்லப்படுகிறது. எழுபதின்மர் இறுதியில் வந்து போகிறார்கள். ஒரே நிகழ்ச்சிகள், ஒரே முடிவு. ஆனால் கேட்பவர் யார் பக்கம் நிற்க வேண்டும் என்பது தலைகீழாகிவிட்டது.

இவ்விரண்டுக்கும் இடையில் நிகழ்ந்த மற்றொரு திருத்தம் இன்னும் துணிச்சலானது. பத்தாம் நூற்றாண்டை ஒட்டி எழுந்ததாகக் கருதப்படும் ‘நீலகேசி’யின் ஆசிரியர் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை. குண்டலகேசி என்ற பௌத்தக் காப்பியத்துக்கு மறுப்பாக எழுத முனைந்த அந்தச் சமணப் புலவர், தமக்கு ஒரு பெண் நாயகி தேவைப்பட்டபோது புதிதாக எவரையும் படைக்கவில்லை. பழையனூர் நீலியையே எடுத்துக்கொண்டார். முனிச்சந்திரர் என்ற சமண முனிவரை அச்சுறுத்த வந்த அவள், அவரிடமே அறம் கேட்டுத் தெளிந்து, குண்டலகேசி முதலாகப் பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதியர், பூதவாதியர் என ஒவ்வொருவரையும் வாதில் வெல்லப் புறப்படுகிறாள். ஊராரின் பேயைத் தருக்கவாதியாக மாற்றிய அப்புலவரின் நகைச்சுவை உணர்வை உரைகள் போதிய அளவு பாராட்டவில்லை என்பது என் கருத்து. இன்றைய ரசிகர் எழுத்தாளர் ஒருவர் செய்வதும் இதுவேதான்: பிறர் படைத்த வில்லியை எடுத்து, “அவள் பக்கம் நியாயம் இருந்தால்?” என்று கேட்பது.

மொழியியல் பயின்ற எனக்கு இவ்விடத்தில் ஒரு சொல்லின்மீது கண் போகிறது. வடமொழி யக்ஷி, தமிழில் இயக்கி ஆயிற்று. சிலப்பதிகாரத்தில் மதுரைப் புறஞ்சேரியில் மாதரி பால் படைத்து வணங்குவது இயக்கியைத்தான். ‘உயிர்’ பேச்சில் ‘உசிர்’ ஆவது போல, ‘மயிர்’ ‘மசிர்’ ஆவது போல, இயக்கி இசக்கி ஆனாள். குமரி மாவட்டத்தில் குழந்தையும் கையுமாக அமர்ந்திருக்கும் இசக்கியம்மன் இவளே. ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தல் கோயிலின் தலக்கதை அவளை நீலியோடு ஒன்றாக்குகிறது. எல்லை கடந்தால் நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் யக்ஷியம்மை என்ற பெயரும் வழங்குகிறது. மலையாளம் வடமொழி வடிவத்தை மீட்டெடுத்துக்கொண்டது. தமிழ்ப் பேச்சு தன் ஒலிமாற்றத்தை நிறைவு செய்துகொண்டது. பாறசாலையிலிருந்து தொலைவில் இல்லாத சிதறால் மலையில் ஒன்பதாம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்களிடையே அம்பிகா இயக்கி நிற்கிறாள். பிற்காலத்தில் அவ்விடம் பகவதி கோயிலாயிற்று. சமண இயக்கியும் ஊர்ப்பேயும் தாய்த்தெய்வமும் ஒரே பெயரின் நிழலில் கலந்த நிலம் இது. நீலிக்கு இங்கே இத்தனை எளிதாக இடம் கிடைத்ததில் வியப்பில்லை.

இனி, கேட்டவர்கள் அதை எவ்வாறு ஏற்றனர் என்பது. கொடைவிழாவில் வில்லுப்பாட்டு என்பது வெறும் கதை கூறல் அன்று. வில்லில் கட்டிய மணிகள் குலுங்க, வீசுகோலால் நாணைத் தட்டித் தலைமைப் பாடகர் பாட, குடமும் உடுக்கையும் சேர, பின்பாட்டுக்காரர்கள் வரியை ஏந்திக்கொள்வார்கள். குமரி மாவட்டத்தில் தங்கி ஆய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988இல் வெளியிட்ட நூலில் ஒன்றைக் கவனப்படுத்தினார்: இவ்வகைக் கதைகளில் கொலையோ சாவோ நிகழும் இடத்தில்தான் நிகழ்த்துதல் உச்சம் பெறுகிறது, சாமியாடிகள் அருள் கொள்வதும் அங்கேதான். அதாவது கேட்பவருள் ஒருவர் எழுந்து பாத்திரமாகிறார். அவர் நடிக்கவில்லை, அவரிடம் ஊர் குறி கேட்கிறது, அவர் சொல்வதைப் பொறுத்துப் பாட்டு நீளும், நிற்கும், மீண்டும் தொடங்கும். ‘பாத்திரமேற்று ஆடுதல்’ என்று விளையாட்டு விதிநூல்கள் சொல்வதைவிட இது பல படி ஆழமானது. ஏனெனில் இங்கே ஆட்டத்தை விட்டு வெளியேறும் வாயில் ஆடுபவர் கையில் இல்லை. பாடகர் எவ்வளவு புலமை உடையவராயினும், அருள் வந்தவருக்கு முன் கதையை அவர் விருப்பப்படி நடத்த முடியாது. நீலியை இழிவாகப் பாடிவிட்டு நீலி முன் அமர்ந்திருக்க எந்தப் பாடகரால் இயலும்? தென்னாட்டு வடிவத்தில் அவள் குற்றமற்றவளாக மாறியதற்கு இந்த நிகழ்த்துமுறையே முதன்மைக் காரணம் என்று நான் எண்ணுகிறேன். பழையனூரில் கதை எழுபதின்மரின் நினைவிடத்தில் நின்றது. இங்கோ நீலியின் சந்நிதியில் நின்றது.

மேற்கே போன கிளை வேறு திசையில் வளர்ந்தது. 1795இல் திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது. இரண்டுக்கும் இடையிலான பழைய பாதை பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாகச் செல்வது. கொட்டாரத்தில் சங்குண்ணி தொகுத்த ‘ஐதீகமாலை’யில் கடமற்றத்துக் கத்தனார் என்ற மந்திரவாதப் பாதிரியார் அடக்கும் யட்சி, இந்த ஆளற்ற வழியில் போவோரைக் கொன்றுவந்தவள். அழகிய பெண்ணாய் வந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பது யட்சிக் கதைகளின் மாறாத அடையாளம். கத்தனார் அவள் தலையில் ஆணி அறைந்து வேலைக்காரியாக்கி நடத்திச் செல்கிறார். பிற்காலத்தில் தொலைக்காட்சித் தொடர் அந்த யட்சிக்குக் கள்ளியங்காட்டு நீலி என்றே பெயர் சூட்டியது. வழிப்போக்கரின் அச்சத்திலிருந்து பிறந்த கதைக்கு அவளை அடக்கும் வீரன் தேவை. அவள் ஏன் பேயானாள் என்ற கேள்வி தேவையில்லை. நீலியின் முற்பிறவியே அங்கே காணாமற் போயிற்று. சி. வி. ராமன்பிள்ளை 1891இல் வெளியிட்ட ‘மார்த்தாண்டவர்மா’ நாவலைப் பஞ்சவன்காட்டில் தொடங்கினார் என்பதையும் இங்கே நினைவுகொள்ள வேண்டும். யட்சி வாழும் காடென்று கேட்டாலே மலையாள வாசகர் நடுங்குவர் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மன்னனின் எதிரிகள் நடமாட அதைவிட வாய்ப்பான களம் வேறில்லை.

1956 நவம்பர் 1 அன்று அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. பாட்டு எல்லையின் இருபுறமும் இருந்தது. ஆய்வு மட்டும் இரண்டாகப் பிளந்தது. கேரளத்தில் இவை வடக்கன் பாட்டுகளுக்கு எதிரிணையாகத் ‘தெக்கன் பாட்டுகள்’ என்ற தலைப்பில் மலையாள இலக்கிய வரலாற்றின் ஓர் இயலாயின; அவற்றின் தமிழ்ப் பெரும்பான்மை ஒரு சங்கடமாகவே குறிப்பிடப்பட்டது. தமிழகத்தில் இவை நாட்டார் கதைப்பாடல்களாயின. அவற்றின் மலையாளச் சொற்கள் ‘வட்டார வழக்கு’ என்று ஒதுக்கப்பட்டன. ஒரே பாடலில் தமிழ் வினைமுற்றும் மலையாள வேற்றுமை உருபும் அடுத்தடுத்து வருவதைக் கலப்படம் என்று இரு தரப்பும் கருதுவதை என்னால் ஏற்க இயலவில்லை. கேட்டவர்கள் பேசிய மொழி அது. நாகர்கோவிலில் அ. கா. பெருமாள் போன்றோர் தம் வாழ்நாளைச் செலவிட்டுத் திரட்டிய கதைப்பாடல்களோடு, எல்லைக்கு அப்பால் மலையாள எழுத்தில் கிடக்கும் வடிவங்களையும் ஒருசேர வைத்துப் பார்க்கும் பதிப்புகள் தேவை. ஒப்பிட்டாலன்றி, எந்த வரியை எந்த ஊர் சேர்த்தது என்பதை அறிய வழியில்லை.

2025 ஆகஸ்டில் டொமினிக் அருண் இயக்கத்தில் ‘லோகா அத்தியாயம் 1: சந்திரா’ வெளியானது. கல்யாணி பிரியதர்ஷன் ஏற்ற நாயகி வேறு யாருமல்லள், கள்ளியங்காட்டு நீலிதான். பெங்களூரில் வாழும் மீயாற்றல் கொண்ட பெண்ணாக அவளை மீண்டும் பிறப்பித்தார்கள். முற்கதையும் திரும்பி வந்தது, ஆனால் வேறொன்றாக: கோயிலுக்குள் நுழைந்ததற்காக அரசனின் ஆட்களால் தன் மக்களை இழந்த சிறுமி. கொலைக்குக் காரணம் நகையாசை அன்று, சாதி. படம் பெருவெற்றி பெற்றதையொட்டி, நீலி தமிழச்சியா மலையாளியா என்ற வழக்கு இணையத்தில் சில நாள் நடந்தது. ‘மூலக்கதையைச் சிதைத்துவிட்டார்கள்’ என்ற குறையும் வந்தது. எந்த மூலம் என்று கேட்டால் ஒருவர் ஐதீகமாலையைச் சொல்வார், ஒருவர் முப்பந்தலைச் சொல்வார், பழையனூரைச் சொன்னவர் மிகச் சிலர். நீலகேசியை எவரும் சொல்லி நான் பார்க்கவில்லை. கத்தனாரின் ஆணியைப் பிடுங்கிவிட்டு அவளுக்கு ஒரு முற்பிறவி தந்தவகையில், அந்தப் படம் தான் அறிந்தோ அறியாமலோ வில்லுப்பாட்டுக்காரர்கள் பக்கம் போய் நின்றிருக்கிறது. அடுத்த கொடையில் எந்தப் பாடகராவது அந்தப் புது முற்கதையிலிருந்து ஓரடி எடுத்துச் சேர்த்தால், அதைப் பதிவு செய்பவர் தேதியையும் ஊரையும் மறவாமல் குறித்துக்கொள்ள வேண்டும்.