யூதத் தெரு தந்த ரூபி

பிழைப்பு நாடிக் கொச்சிக்கு வந்த தமிழர்களாகிய நாம், ஊரிலிருந்து வரும் உறவினரை மட்டாஞ்சேரிக்கு அழைத்துச் செல்கிறோம். டச்சு அரண்மனையைக் காட்டுகிறோம். 1568இல் எழுந்த பரதேசி யூதர் ஆலயத்தையும், அதன் தரையிற் பதித்த சீன ஓடுகளையும் காட்டுகிறோம். ஆனால் அத்தெருவில் வாழ்ந்த மாந்தரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமலே திரும்பிவிடுகிறோம். அவர்களுள் ஒருவரான ரூபி தானியேல் என்னும் பெண்மணியை இங்கு நினைவுகூர விழைகிறோம்.

ரூபி 1912ஆம் ஆண்டு கொச்சியிற் பிறந்தார். தந்தையார் படகுப் பயணச்சீட்டு விற்றவர். மகளோ எறணாகுளம் புனித தெரசா பள்ளியிற் பயின்று, கல்லூரி வாயிலையும் மிதித்தார். நீதிமன்றங்களிலும் அரசு அலுவலகங்களிலும் எழுத்தராகப் பணி புரிந்தார். கோப்புகளோடு காலம் கழிக்கும் நம் போன்றோர்க்கு இச்செய்தி தனி நெருக்கத்தைத் தருகிறது.

ஆலயத்தினுள்ளே அனைவரும் சமமாக அமர இயலாத காலம் அது. அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கப்பட்டோரின் வழிவந்தவர் என்று ஒரு பிரிவினர் ஒதுக்கப்பட்டிருந்தனர். ரூபியின் குடும்பமும் அப்பிரிவைச் சார்ந்ததே. சென்னையிற் பயின்று வழக்கறிஞரான ஆபிரகாம் பராக் சாலேம், காந்தியடிகளின் சத்தியாக்கிரக நெறியால் இவ்வேற்றுமையை எதிர்த்து நின்றார். 'யூத காந்தி' என்று மக்கள் அவரைப் போற்றினர். வாசற்படியிலே நடந்த உரிமைப் போரைக் கண்டு வளர்ந்தவர் ரூபி.

வெளியுலகிலோ பெரும்போர் மூண்டது. ஐரோப்பாவில் இட்லரின் கொடுங்கோன்மை ஏறத்தாழ அறுபது இலட்சம் யூதரைக் கொன்று குவித்தது. 1942 ஏப்ரலில் சப்பானிய விமானங்கள் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு வீசின. சென்னை மக்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு சிற்றூர்களுக்கு ஓடிய கதையை நம் முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம் அன்றோ!

1944ஆம் ஆண்டு அங்கேரி நாட்டு யூத நங்கை அன்னா செனெசு, நாஜிகளை எதிர்க்க வான்குடை கட்டிக் குதித்தார். பிடிபட்டு, நவம்பர் 7ஆம் நாள் புடாபெசுட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே 1944இல் மட்டாஞ்சேரி ரூபி அரச இந்தியக் கடற்படையின் மகளிர் பிரிவிற் சேர்ந்து, 1946 வரை பணியாற்றினார். கடற்படைச் சீருடை அணிந்த முதல் மலையாளப் பெண் என்று அவரைப் போற்றுவர். அவர் துப்பாக்கி ஏந்திக் களம் புகவில்லை. அச்சீருடையும் நம்மை ஆண்ட அந்நியர் தந்ததே. அதே காலத்தில் மலேயாத் தமிழ்ப் பெண்கள் நேதாஜியின் ஜான்சிராணிப் படையில் எதிரணியில் நின்றனர். ஒவ்வொருவர்க்கும் தம்மை அழுத்திய நுகமே முதற்பகை. இருசாராரின் துணிவையும் ஒருசேர மதிப்பதே நடுவுநிலைமை எனலாம்.

1951இல் ரூபி இசுரேல் நாட்டிற்குக் குடிபெயர்ந்தார். வடபுலத்துக் கலிலேயாவில், ஐரோப்பிய யூதர் பெரும்பாலராய் வாழ்ந்த நெயோத் மொர்தெகாய் என்னும் கூட்டுப் பண்ணையில் வாழ்ந்தார். சுற்றிலும் வேற்றுமொழி, வேற்றுணவு, வேற்றுப் பழக்கம். ஆயினும் கொச்சி யூத மகளிர் திருமணத்திலும் திருநாளிலும் பாடி, கையேடுகளில் எழுதிக் காத்த மலையாளப் பாடல்களை அவர் மறந்தாரல்லர். தம் முதுமையில் நூற்றிருபதுக்கும் மேற்பட்ட பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அவரது வாழ்க்கை நினைவுகள் 1995இல் நூலாயின. 2002இல் அவர் மறைந்தார். அம்மகளிர் பாடல்களின் தொகுப்பொன்று 2005இல் எருசலேமில் வெளியாயிற்று; அதன் பெயர் 'கார்குழலி'. நம் செவிக்கு எத்துணை உறவான சொல்!

யூதத் தெருவில் இன்று யூதக் குடும்பங்கள் இல்லையென்றே கூறலாம். ஓர் இனத்தையே துடைத்தழிக்க எண்ணுவோரை ஆயுதத்தால் வெல்வது ஒரு வெற்றி. அவ்வினத்தின் பாட்டும் சொல்லும் மடியாமற் காப்பது மற்றொரு வெற்றி. ரூபி இரண்டிற்கும் தம்மாலானதைச் செய்தார். நாமும் ஊர் விட்டு வந்தவர்களே. அடுத்த முறை மட்டாஞ்சேரிக்குச் செல்லும்போது, சீன ஓடுகளைக் காட்டிய கையோடு நம் பிள்ளைகளுக்கு இவ்வம்மையாரின் கதையையும் சொல்வோம். பாட்டி பாடிய தாலாட்டு நம் வீட்டில் எவர்க்கேனும் நினைவிருப்பின், அன்றிரவே அதை ஓர் ஏட்டில் எழுதியும் வைப்போம்.