ஒரு டின் பீன்ஸும் வானத்துச் செயற்கைக்கோள்களும்



போன வாரம் 1802-இல் பரங்கிமலை அருகே லாம்டன் அளந்த அடிக்கோட்டைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு என் பழைய மாணவர் ஒருவர் அழைத்தார். இப்போது அமெரிக்காவில், ஓரிகன் மாநிலத்தில் வேலை பார்க்கிறார். "சார், என் பையன் ஜியோகேச்சிங் போகணும்னு ஒரே பிடிவாதம். அதுக்குத் தனியா ஜிபிஎஸ் கருவி வாங்கணுமா, போனே போதுமா? நீங்க மகள் வீட்டுக்கு வந்தப்போ பேத்தியோட போனீங்கன்னு சொன்னீங்களே" என்றார்.

ஒரே வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் வாத்தியார் புத்தி விடவில்லை. அவர் பையன் கேட்கும் விளையாட்டு பிறந்ததே அவர் குடியிருக்கும் மாநிலத்தில்தான். அது எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால் எந்தக் கருவி வாங்குவது என்பதும் தானாகத் தெரிந்துவிடும். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

முதலில், தெரியாதவர்களுக்கு. ஒருவர் ஒரு டப்பாவைக் காட்டிலோ பூங்காவிலோ ஒளித்து வைக்கிறார். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுகிறார். மற்றவர்கள் அந்த எண்களை வைத்துத் தேடிப் போகிறார்கள். கிடைத்தால் உள்ளே இருக்கும் நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். உள்ளே இருக்கும் சிறு பொருளை எடுத்துக்கொண்டால், அதே மதிப்புள்ள வேறொன்றை வைக்க வேண்டும். இவ்வளவுதான் ஜியோகேச்சிங்.

ஒளித்து வைத்துத் தேடுவது புதிதல்ல. இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டு நிலத்தில், கிரான்மியர் குளம் என்ற எளிதில் போக முடியாத இடத்தில், 1854-இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி ஒரு கண்ணாடிப் புட்டியை வைத்தார். அங்கே வந்து சேர்ந்தவர்கள் தங்கள் முகவரி அட்டையை அதில் போட்டுவிட்டுப் போனார்கள். அதிலிருந்து 'லெட்டர்பாக்ஸிங்' என்ற வழக்கம் வளர்ந்தது. அங்கே வழி காட்டியது மனிதன். நம் கதையில் வழி காட்டுவது வானம்.

1957-இல் சோவியத் ரஷ்யா ஸ்புட்னிக்கை ஏவியது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வகத்தில் இரண்டு இளம் இயற்பியலாளர்கள் அதன் 'பீப் பீப்' ஒலியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ரயில் நெருங்கும்போதும் விலகும்போதும் அதன் ஊதல் சத்தம் மாறுகிறது அல்லவா, அதே டாப்ளர் விளைவைக் கொண்டு ஸ்புட்னிக் எங்கே சுற்றுகிறது என்று கணக்கிட்டார்கள். தரையில் நாம் இருக்கும் இடம் தெரிந்தால் வானத்துப் பொருளின் இடம் தெரியும் என்றால், வானத்துப் பொருளின் இடம் தெரிந்தால் நம் இடமும் தெரியுமே! அந்தத் தலைகீழ் யோசனையில்தான் கடற்படைக்கான டிரான்சிட் அமைப்பு வந்தது. அதன் பிறகு ஜிபிஎஸ். அதன் முதல் செயற்கைக்கோள் பறந்தது 1978 பிப்ரவரியில்.

ஜிபிஎஸ் ராணுவத்தின் சொத்தாகப் பிறந்தது. 1983 செப்டம்பர் 1-ஆம் தேதி, வழி தவறி சோவியத் வான்வெளிக்குள் போன கொரியப் பயணிகள் விமானத்தைச் சோவியத் போர் விமானம் சுட்டு வீழ்த்தியது. அதில் இருந்த 269 பேரும் இறந்தார்கள். தான் எங்கே பறக்கிறோம் என்று அந்த விமானிகளுக்குச் சரியாகத் தெரிந்திருந்தால் இது நடந்திருக்காது. அதே மாதம் அதிபர் ரீகன், ஜிபிஎஸ் தயாரானதும் பொதுமக்களும் பயன்படுத்தலாம் என்று அறிவித்தார்.

கொடுத்தார்கள், ஆனால் முழுதாகக் கொடுக்கவில்லை. பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்தார்கள். ராணுவத்தின் கருவிக்குத் துல்லியம், நம் கருவிக்குச் சுமார் 100 மீட்டர் தள்ளாட்டம். வளைகுடாப் போரில் ராணுவத்திடமே போதுமான ராணுவக் கருவிகள் இல்லாமல் சிப்பாய்கள் கடைக் கருவிகளைப் பயன்படுத்த, அந்தப் பிழையைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டி வந்தது தனி வேடிக்கை.

இந்த இடத்தில் என் சொந்த ஆதங்கம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் புவியியல் நடத்திய பள்ளி கடலிலிருந்து 6 கிலோமீட்டரில் இருந்தது. பிள்ளைகளுக்கு டோப்போ ஷீட் பாடம் வரும்போது, அவர்கள் ஊரையே அந்தத் தாளில் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. நம் ஏரி எந்த நிறத்தில் இருக்கிறது, நம் கோயிலுக்கு என்ன குறியீடு என்று அவர்களே விரல் வைத்துக் காட்ட வேண்டும். ஆனால் கடலோரப் பகுதிகளின் விரிவான வரைபடங்கள் அப்போது சாதாரண மக்களுக்குக் கிடையாது, பாதுகாப்புக் காரணம். இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை. கடைசிவரை எங்கோ உள்நாட்டில் இருக்கும், எந்தப் பிள்ளையும் பார்த்திராத ஓர் ஊரின் தாளை வைத்துத்தான் பாடம் நடத்தினேன். தன் ஊரின் படம் தனக்கு மறுக்கப்பட்டால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் 2000 மே மாதத்தில் நடந்தது எனக்குப் பெரிய வரலாற்று நிகழ்ச்சியாகத் தோன்றுகிறது.

அதிபர் கிளின்டனின் உத்தரவுப்படி, மே 1 நள்ளிரவில் அந்தச் செயற்கைப் பிழையை நிறுத்தினார்கள். நம் நேரப்படி மே 2 காலை ஏறக்குறைய ஒன்பதரை மணி. உலகம் முழுவதும் மக்கள் கையில் இருந்த கருவிகள் ஒரே கணத்தில் பல மடங்கு துல்லியமாகின. யாரும் புதிதாக எதையும் வாங்கவில்லை. 100 மீட்டர் தள்ளாட்டம் 10, 20 மீட்டராகக் குறைந்தது. ஒரு கிராமத்துத் தெருவைக் காட்டிக்கொண்டிருந்த கருவி இப்போது ஒரு வீட்டைக் காட்டியது.

இந்தத் துல்லியம் சாதாரண மனிதன் கையில் கிடைத்ததும் அவன் முதலில் என்ன செய்தான்?

மே 3-ஆம் தேதி, டேவ் உல்மர் என்ற கணினி ஆலோசகர், ஓரிகனில் போர்ட்லாண்டுக்குத் தெற்கே பீவர்கிரீக் என்ற சிற்றூர் அருகே, மரங்களுக்கு நடுவே ஒரு கறுப்பு வாளியைக் கொண்டுபோய் வைத்தார். அதில் கணினி மென்பொருள், வீடியோ, புத்தகங்கள், கொஞ்சம் பணம், ஒரு கவண், ஒரு டின் பீன்ஸ், எழுதுவதற்கு ஒரு நோட்டு. ஜிபிஎஸ் ஆர்வலர்களின் இணையக் குழுவில் இடத்தின் எண்களைப் போட்டார்: வடக்கு 45° 17.460, மேற்கு 122° 24.800. விதி ஒன்றுதான்: கொஞ்சம் எடுங்கள், கொஞ்சம் வையுங்கள், நோட்டில் எழுதுங்கள்.

முகம் தெரியாத யாரோ வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று பணத்தோடு ஒரு வாளி! மூன்று நாளுக்குள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். முதலில் கண்டுபிடித்தவர் மைக் டீக். மற்றவர்களும் ஆங்காங்கே வைக்கத் தொடங்க, அந்த இடங்களைத் திரட்டி ஒரு இணையப் பட்டியல் போட்டவரும் அவரே. ஆங்கிலத்தில் முதலில் இதை 'ஸ்டாஷ்' என்றார்கள். அந்தச் சொல்லில் போதைப்பொருள் வாடை அடித்ததால், அதே மாத இறுதியில் மாட் ஸ்டம் என்பவர் 'ஜியோகேச்சிங்' என்ற பெயரைச் சொன்னார். செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் ஜியோகேச்சிங் இணையதளத்தைத் தொடங்கியபோது அதில் இருந்தவை வெறும் 75 டப்பாக்கள். இன்று உலகெங்கும் 30 லட்சத்துக்கு மேல். அண்டார்டிகாவிலும் உண்டு.

உல்மரின் வாளியிலிருந்து விளையாட்டு சில பாடங்களையும் கற்றது. அவர் வாளியைப் பாதி மண்ணில் புதைத்திருந்தார். இப்போது மண்ணைத் தோண்டக் கூடாது. அவர் பீன்ஸ் வைத்தார். இப்போது சாப்பாட்டுப் பொருள் வைக்கக் கூடாது, வாசனைக்கு விலங்குகள் வந்து டப்பாவைக் கடித்துவிடும். நில உரிமையாளரின் அனுமதி வேண்டும்.

இனி கருவிக்கு வருவோம். 1989-இல் மெகல்லன் நிறுவனம் சாதாரண மக்களுக்கான முதல் கையடக்க ஜிபிஎஸ்ஸை விற்றபோது விலை ஏறக்குறைய 3000 டாலர், எடை முக்கால் கிலோவை நெருங்கும். 2000-இல் கார்மின் வெளியிட்ட மஞ்சள் நிற ஈட்ரெக்ஸ்தான் ஜியோகேச்சிங்காரர்களின் அம்பாசடர் கார். உள்ளங்கையில் அடங்கும், இரண்டு பென்சில் செல் போதும். ஆனால் வரைபடம் கிடையாது. எண்களைப் பொத்தான் அமுக்கி அமுக்கி ஏற்ற வேண்டும். நடந்தால்தான் திசை காட்டும், நின்றால் அம்புக்குறி குழம்பிவிடும். அடர்ந்த மரங்களுக்குக் கீழே போனால் செயற்கைக்கோளே கிடைக்காது. 2006 வாக்கில் வந்த 60சிஎஸ்எக்ஸ் போன்றவை மரத்தடியிலும் சமிக்ஞையைப் பிடித்தன, நின்ற இடத்திலும் திசை காட்டின. பிறகு டப்பாவைப் பற்றிய குறிப்புகளையும் உள்ளேயே வைத்துக்கொள்ளும் கருவிகள் வந்தன. இன்று நம் போனே ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின், ஐரோப்பாவின் செயற்கைக்கோள்களையும் சேர்த்துப் பிடிக்கிறது.

இவ்வளவு முன்னேறியும் முட்டாள்தனம் செய்ய வழி இருக்கிறது. நானே செய்தேன். பீவர்கிரீக்கில் உல்மரின் வாளி இருந்த இடத்தில் 2003-இல் ஒரு நினைவுப் பலகை வைத்திருக்கிறார்கள். பேத்தி அங்கே அழைத்துப் போனாள். "தாத்தா, நீங்கதான் ஜாகிரஃபி டீச்சர், நீங்களே எண்ணைப் போடுங்க" என்று மகளின் பழைய கருவியைக் கொடுத்தாள். 45° 17.460-ஐ 45 டிகிரி 17 நிமிடம் 46 விநாடி என்று போட்டேன். கருவி அரை கிலோமீட்டருக்கு மேல் வடக்கே போகச் சொன்னது. ".460 என்பது விநாடி இல்லை தாத்தா, நிமிஷத்தோட தசமம்" என்றாள். உண்மையில் அது 27.6 விநாடி. தீர்க்கரேகையின் .800-ஐ 80 விநாடி என்று போட முயன்றபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். 60-க்கு மேல் விநாடி ஏது? கருவி ஏற்க மறுத்ததைக் கருவியின் கோளாறு என்று நினைத்தேன்! முப்பத்தோரு வருடம் இதே பாடம் நடத்தியவன்.

ஆகவே தம்பி, இதோ உனக்கான பதில்:

1. முதல் ஆறு மாதம் போனே போதும். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள், காட்டில் இணையம் கிடைக்காது. பவர் பேங்க் எடுத்துப் போ.

2. பையனின் ஆர்வம் அதற்குப் பிறகும் நிலைத்தால் தனிக் கருவி வாங்கு. ஓரிகனில் மழை அதிகம். ஈர விரலுக்குத் தொடுதிரையைவிடப் பொத்தான் நல்லது. தண்ணீர் புகாததாக, மாற்றிப் போடும் பென்சில் செல்லில் ஓடுவதாக, நின்றபடியே திசை காட்டுவதாகப் பார்.

3. அடர்காட்டிலும் பள்ளத்தாக்கிலும் சமிக்ஞை பாறையில் பட்டுத் திரும்பி வரும். ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே 300 மீட்டர் தவறும். இரண்டு அலைவரிசைகளைப் பிடிக்கும் கருவி இதை நன்றாகச் சமாளிக்கும். பூங்காவில் தேடுவதற்கு அந்தச் செலவு வேண்டாம்.

4. செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் வசதி உள்ள கருவி வாங்கினால், ஊருக்கு வரும்போது அதை எடுத்து வராதே. உரிய அனுமதி இல்லாமல் இந்தியாவில் அது சட்டப்படி குற்றம், விமான நிலையத்திலேயே சிக்கல் வரும்.

5. அமைப்பில் 'டபிள்யூஜிஎஸ் 84' என்று இருக்கிறதா பார். நம் பழைய டோப்போ ஷீட்டுகள் 1830-இல் எவரெஸ்ட் வகுத்த பூமி அளவின்படி வரைந்தவை. அடிப்படை மாறினால் அதே எண் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். எண் வடிவம் டிகிரி, தசம நிமிடம். தாத்தா செய்த தவற்றைச் செய்யாதே.

6. கடைசி 10 மீட்டரில் கருவியைப் பையில் போட்டுவிடு. உன் கருவிக்குச் சில மீட்டர் பிழை உண்டு, ஒளித்தவரின் கருவிக்கும் உண்டு. அதற்கு மேல் கண்தான் தேட வேண்டும். நான் ஒளிப்பதாக இருந்தால் எங்கே ஒளிப்பேன் என்று பையனையே யோசிக்கச் சொல்.

நினைவுப் பலகையைப் பார்த்துவிட்டு அருகிலேயே இன்னொரு டப்பாவைத் தேடினோம். கருவி "வந்துவிட்டீர்கள்" என்றது, ஆனால் கால் மணி நேரம் எதுவும் கிடைக்கவில்லை. பேத்திதான் விழுந்து கிடந்த மரத்தின் பொந்தில் கண்டுபிடித்தாள். நோட்டில் எத்தனையோ ஊர்க்காரர்களின் கையெழுத்து. நான் தமிழில் பெயர் எழுதி, என் ஊரையும் எழுதினேன். வரைபடத்தில் பிள்ளைகளுக்குக் காட்ட முடியாத அதே ஊர். சட்டைப் பையில் இருந்த ஒரு பத்து ரூபாய் நாணயத்தை உள்ளே வைத்துவிட்டு வந்தேன். பேத்தி எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த நாணயம் இப்போது எங்கே இருக்கிறதோ! ஓரிகனில் இருக்கும் தம்பி, உன் பையன் கண்ணில் பட்டால் எனக்கு ஒரு படம் அனுப்பு.

2021-இல் நம் நாட்டிலும் நிலவரைபட விதிகளை வெகுவாகத் தளர்த்திவிட்டார்கள். இப்போது பணியில் இருக்கும் ஆசிரிய நண்பர்களே, உங்கள் பிள்ளைகளுக்கு உங்கள் ஊரின் வரைபடத்தையே வைத்துப் பாடம் நடத்துகிறீர்களா? பின்னூட்டத்தில் சொல்லுங்கள், படிக்க ஆவலாக இருக்கிறேன்.