சின்ன கம்ப்யூட்டரில் பெரிய கிராபிக்ஸ் கார்டு போடலாமா? வாங்கும் முன் பார்க்க வேண்டிய வாட் கணக்கு!

அலுவலகங்களில் சில வருடம் ஓடிவிட்டு விற்பனைக்கு வரும் சிறிய ரக டெஸ்க்டாப்புகளை செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் அதிகம். விலை குறைவு, இடத்தையும் அடைக்காது. கல்லூரிகள் நிறைந்த பாளையங்கோட்டை, நெல்லை வட்டாரத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு இது கைக்கு எட்டுகிற கம்ப்யூட்டர். வாங்கிய கொஞ்ச நாளில் கடையில் எழும் கேள்விதான் சிக்கலானது: "அண்ணாச்சி, இதுல கேம் கார்டு போட்டா ஓடுமா?"

பதில் அந்தப் பெட்டிக்குள்ளேயே ஒரு ஸ்டிக்கரில் இருக்கிறது.

ஸ்டிக்கரில் என்ன பார்க்க வேண்டும்?

பவர் சப்ளை மீது எழுதியிருக்கும் மொத்த வாட் அளவைத்தான். டெல் ஆப்டிபிளெக்ஸ் 7050, ஹெச்பி எலைட்டெஸ்க் 800 ஜி3 ஆகியவற்றின் சிறிய ரகப் பெட்டிகளில் இது 180 வாட். 2012-ல் வந்த ஆப்டிபிளெக்ஸ் 7010-ல் 240 வாட். கேமிங் கம்ப்யூட்டர்களில் 500 வாட்டுக்கு மேல் இருப்பது சாதாரணம்.

சுத்தமல்லி அணைக்கட்டில் இருந்து நெல்லை கால்வாயில் வரும் தண்ணீர் மாதிரிதான் இதுவும். மேலே இருப்பவர் மடையை அகலமாகத் திறந்துகொண்டால் கால்வாயில் தண்ணீர் கூடாது. கடைமடைதான் காயும்.

180 வாட்டில் எவ்வளவு மிச்சம்?

ஐ5-7500 புராசஸருக்கு 65 வாட். மதர்போர்டு, ரேம், ஃபேன் எல்லாம் சேர்த்து சுமார் 30 வாட். எஸ்எஸ்டிக்கு 5 வாட். ஆக மொத்தம் 100.

பவர் சப்ளையை முழு அளவுக்கு ஓட்டக்கூடாது. 20 சதவீதம் விட்டுவைப்பது பாதுகாப்பு. அப்படிப் பார்த்தால் 180-ல் பயன்படுத்த வேண்டியது 144 வாட். புதிய கார்டுக்குக் கிடைப்பது வெறும் 44 வாட்தான்.

எந்தக் கார்டு பொருந்தும்?

* ஜிடி 1030: 30 வாட். தாராளமாகப் போடலாம்.
* ஜிடிஎக்ஸ் 1650: 75 வாட். மொத்தம் 175 ஆகிவிடும். கம்ப்யூட்டர் ஆன் ஆகலாம். கேம் சூடு பிடிக்கும்போது பட்டென்று ஆஃப் ஆகவும் செய்யலாம்.
* ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி: 70 வாட். இதற்கும் அதே கதிதான்.
* ஆர்டிஎக்ஸ் 3050, 8 ஜிபி: 130 வாட். யோசிக்கவே வேண்டாம்.

240 வாட் பெட்டி என்றால் 75 வாட் கார்டு கணக்கில் அடங்கும். ஆனாலும் அவசரப்படக்கூடாது. கார்டு செருகும் ஸ்லாட் வழியாக அதிகபட்சம் 75 வாட் வரலாம் என்பது பொது விதி. சில அலுவலக மாடல்களில் தயாரிப்பாளரே இதைக் குறைத்து வைத்திருப்பார். அந்த மாடலின் கையேட்டைப் பார்த்துவிட்டு வாங்குவதே நல்லது. அரை உயரம் கொண்ட லோ புரொஃபைல் கார்டுதான் உள்ளே நிற்கும் என்பதையும் மறக்கக்கூடாது.

பவர் சப்ளையை மாற்றிவிட்டால்?

எல்லா மாடலிலும் முடியாது. இந்தப் பெட்டிகள் பலவற்றில் கடைகளில் கிடைக்கும் 24 பின் கனெக்டர் இருக்காது, அளவும் வேறு.

இன்னொரு குறுக்கு வழி, ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா வயரில் அடாப்டர் மாட்டி கார்டுக்கு கரன்ட் கொடுப்பது. இது ஆபத்து. சாட்டா கனெக்டரின் 12 வோல்ட் பின்கள் தாங்குவது 54 வாட். கார்டின் 6 பின் கனெக்டர் 75 வாட் வரை இழுக்கும். கனெக்டர் உருகி, வயர் கருகிப்போகலாம்.

வெயிலும் யுபிஎஸ்ஸும்

பாளையங்கோட்டையில் கோடை வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊர்க்கணக்கு தெரிந்ததுதான். சின்னப் பெட்டிக்குள் காற்றோட்டம் குறைவு. ஆனி, ஆடிக் காற்றில் தூசியும் சேரும். சூடு ஏற ஏற பவர் சப்ளையின் தெம்பு குறையும். 20 சதவீதம் விட்டுவைக்கச் சொல்வது இதற்கும் சேர்த்துத்தான். சில மாதங்களுக்கு ஒருமுறை மூடியைக் கழற்றித் தூசி தட்டினால் போதும்.

வீடுகளில் அதிகம் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட் வரை தாங்கும். கம்ப்யூட்டரும் மானிட்டரும் அதில் ஓடும். லேசர் பிரிண்டரை மட்டும் அதில் மாட்டக்கூடாது.

அப்போ எதற்கு முதலில் செலவழிக்கலாம்?

பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவதுதான் முதல் வேலை. வேகம் கண்கூடாகத் தெரியும், மின்சாரமும் குறையும். அடுத்தது ரேம், ஒன்றுக்கு 3 முதல் 5 வாட்தான். படிப்பு, டைப்பிங், ஆன்லைன் வகுப்பு எல்லாவற்றுக்கும் இதுவே போதும்.

இன்னொன்றும் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. இன்டெல் புராசஸர் என்றால் விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக ஏற்பது பெரும்பாலும் 8-ம் தலைமுறையில் இருந்துதான். ஐ5-7500 அந்தப் பட்டியலில் இல்லை. கம்ப்யூட்டரின் விலைக்கே ஒரு கார்டு வாங்கி அதில் மாட்டுவதற்கு முன் இதையும் யோசிக்க வேண்டும்.

கடைக்குப் போகும் முன் பவர் சப்ளை ஸ்டிக்கரையும் மாடல் எண்ணையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கார்டு வாங்கும்போது அதைக் காட்டிவிட்டு அப்புறம் பணத்தைக் கொடுங்கள்.