வயிற்றுக் காயமும் கதையின் வாய்மையும்

கதை நாயகனின் வயிற்றில் குண்டு பாய்கிறது. நண்பன் கத்தியால் அதனைத் தோண்டி எடுக்கிறான். அடுத்த அத்தியாயத்திலேயே நாயகன் குதிரை ஏறிவிடுகிறான். இத்தகைய கதைகளை நாம் எத்தனையோ படித்துவிட்டோம். வரலாறு காட்டும் உண்மையோ வேறு.

ரஷ்யக் கவிஞர் புஷ்கின், தம் 'யெவ்கேனி ஒனேகின்' காவியத்தில் லென்ஸ்கி என்னும் இளங்கவிஞனை ஒரே குண்டில் சாய்த்தார். அவருக்கோ அத்தகைய விரைந்த சாவு வாய்க்கவில்லை. 1837 பிப்ரவரி 8-இல், மானம் காக்க நடந்த துப்பாக்கிச் சண்டையில் அவர் அடிவயிற்றில் சுடப்பட்டார். வீழ்ந்த நிலையிலும் எதிரியைத் திருப்பிச் சுட்டார். இரு நாள் கடும் வேதனையில் கிடந்து, 10-ஆம் நாள் மறைந்தார். பெருங்குருதிக் குழாய் அறுபடாவிடில், வயிற்றுக் காயம் பெரும்பாலும் உடனே கொல்வதில்லை. சீழும் அழற்சியுமே பின்னர் கொல்லும். மயக்க மருந்தும் கிருமி பற்றிய அறிவும் இல்லாத அந்நாளில் மருத்துவர்களால் செய்யக்கூடியது மிகக் குறைவு.

1901 செப்டம்பர் 6-இல் அமெரிக்க அதிபர் மக்கின்லி சுடப்பட்டார். இரைப்பையின் முன்புறமும் பின்புறமும் இருந்த துளைகளை மருத்துவர்கள் தைத்தனர். அவர் தேறுவதாகவே தோன்றிற்று. துணை அதிபர் ரூஸ்வெல்ட் மலைப்பகுதிக்கு ஓய்வெடுக்கவும் சென்றார். ஆனால் உள்ளே குண்டு சென்ற வழியெங்கும் திசுக்கள் அழுகிக்கொண்டிருந்தன. 14-ஆம் நாள் அதிபர் இறந்தார்.

1981 மே 13-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் வயிற்றில் சுடப்பட்டபோது, அறுவை மருத்துவம் பெரிதும் வளர்ந்திருந்தது. ஐந்து மணி நேரத்துக்கும் மேல் அறுவை நடந்தது; குடலின் ஒரு பகுதி அகற்றப்பட்டு, மலம் வெளியேறத் தற்காலிகமாக வயிற்றில் வழி அமைக்கப்பட்டது. ஜூன் 3-இல் வீடு திரும்பியவர், காய்ச்சலால் ஜூன் 20-இல் மீண்டும் மருத்துவமனை புகுந்தார். அந்த வழியை மூட ஆகஸ்ட் 5-இல் மறு அறுவை நடந்தது. ஆகஸ்ட் 14-இல்தான் அவர் விடைபெற்றார். சிறந்த மருத்துவம் கிடைத்தும் மூன்று மாதங்கள்!

ஆகவே நம் எழுத்தாளர் கவனிக்க வேண்டுவது குண்டை மட்டுமன்று, அதன்பின் வரும் நாள்களையுமே. தாகம், காய்ச்சல், பொய்யான தேறுதல், பிறர் கையை எதிர்பார்த்துக் கிடக்கும் கூச்சம் ஆகியவற்றிலேதான் மனிதன் வெளிப்படுகிறான். அந்நாள்களை ஒரே வரியில் தாண்டும் கதை, படுக்கையில் கிடப்போரின் பாட்டை அற்பமாக்குகிறது. நோயாளியின் அருகே ஓரிரவு விழித்திருந்தோர் அதனை உடனே கண்டுகொள்வர்.