பதினாறும் பெற்று: ஒரு வாழ்த்தின் வரலாறு

கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையில் குள்ளஞ்சாவடியையும் குறிஞ்சிப்பாடியையும் கடந்து மேற்கே போனால் முதலில் வடலூர், அதற்கப்பால் நெய்வேலி. வழியெங்கும் முந்திரித் தோப்புகள். வடலூரில் ஓர் அடுப்பு இருக்கிறது. 1867 மே 23 அன்று இராமலிங்க வள்ளலார் தொடங்கிய சத்திய தருமசாலையின் அடுப்பு அது, இன்றுவரை அணையவில்லை. ஒரு வீட்டில் எத்தனை குழந்தைகள் இருக்கலாம், அதை யார் முடிவு செய்வது என்ற நெடிய விவாதத்தைப் பேச வந்தவன் அடுப்பைப் பற்றி ஏன் சொல்கிறான் என்று வாசகர்கள் எண்ணக்கூடும். காரணம் உண்டு.

வயிறுகள் பெருகுவதற்கு ஈடாகச் சோறு பெருகாது என்று 1798இல் மால்தஸ் எழுதினார். அவர் ஒரு கிறித்தவப் பாதிரியார் என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். பஞ்சமும் நோயும் எண்ணிக்கையைக் குறைக்கும். மனிதன் தானாகக் குறைக்க விரும்பினால் காலம் தாழ்த்தி மணந்துகொண்டு அடக்கத்தோடு வாழவேண்டும் என்பது அவர் கட்சி. கருத்தடைச் சாதனங்களை அவர் ஏற்கவில்லை. வள்ளலாருக்கு மால்தஸைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் பசி என்பது பசித்தவனின் குற்றமன்று, அது பொதுவில் தீர்க்கப்படவேண்டியது என்று அவர் அடுப்பை மூட்டியபோது அந்த வாதத்துக்கு நேர் எதிரான ஒரு நிலையை எடுத்துக்கொண்டார். சாதியும் சமயமும் பாராமல் எல்லாருக்கும் இலை போடப்பட்டது. மதம் பொதுவாழ்வில் எங்கே நிற்கலாம் என்ற கேள்விக்கு நம் மண்ணில் கிடைத்த விடைகளில் இது ஒன்று: சோறு போடும் இடத்தில் நிற்கலாம்.

வள்ளலார் மறைந்தது 1874இல். இரண்டே ஆண்டுகளில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் மக்கள் இலட்சக்கணக்கில் மாண்டனர். வைசிராய் லிட்டன் பிரபு முதலானோர் மக்கள்தொகை உணவை முந்திக்கொண்டு வளர்வதே காரணம் என்று மால்தஸின் குரலில் பேசினர். தானியம் அதே காலத்தில் கப்பலேறிக்கொண்டிருந்தது என்பதை இங்கே சொல்லாமல் விடுவதற்கில்லை.

அதே 1877இல் லண்டனில் ஒரு வழக்கு. சார்லஸ் நோல்டன் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிய கருத்தடை பற்றிய சிறுநூலை மறுபதிப்புச் செய்ததற்காகச் சார்லஸ் பிராட்லாவும் அன்னி பெசன்ட்டும் கூண்டில் ஏறினர். ஆறு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. சட்ட நுணுக்கம் ஒன்றால் மேல்முறையீட்டில் அது தள்ளுபடியானது. ஆனால் பெசன்ட் தம் மகளை இழந்தார். கடவுளை மறுப்பவள், ஆபாச நூல் வெளியிட்டவள், ஒரு பெண் குழந்தையை வளர்க்கத் தகுதியற்றவள் என்று நீதிமன்றம் குழந்தையைப் பாதிரியாரான தகப்பனிடம் ஒப்படைத்தது. குழந்தை பெறுவதைப் பற்றிப் பேசியதற்காகக் குழந்தையைப் பறிகொடுத்த பெண் அவர்.

பிராட்லாவின் வழியைப் பின்பற்றியவர்கள் சென்னையிலும் இருந்தனர். சென்னை இலௌகிக சங்கத்தார் 1882 முதல் 1888 வரை 'தத்துவ விவேசினி' என்ற தமிழ் ஏட்டை நடத்தினர். பேராசிரியர் வீ. அரசு இவ்வேட்டைத் தொகுத்துப் பதிப்பித்த பிறகுதான், சுயமரியாதை இயக்கத்துக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் முன்பே தமிழில் நாத்திக உரையாடல் நடந்திருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியவந்தது. மூடவழக்க எதிர்ப்போடு பிள்ளைப்பேற்றைக் கட்டுப்படுத்தும் கருத்தும் அந்த வட்டாரத்தில் உலவியது.

இதற்குப் பின் நிகழ்ந்தது வரலாற்றின் குறும்பு. 1889இல் பெசன்ட் பிரம்மஞானியானார். 1891இல் மக்கள்தொகை பற்றிய தமது நூலைத் தாமே விற்பனையிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டார். 1893 நவம்பரில் தூத்துக்குடியில் வந்திறங்கிய பெசன்ட், சென்னையின் பகுத்தறிவாளர்கள் அறிந்திருந்த பெசன்ட் அல்லர். இந்து தருமத்தின் பெருமையைப் பேச வந்தவர். மதத்தால் மகளை இழந்தவர் மதத்தின் பக்கம் வந்துசேர்ந்ததைக் கோழைத்தனம் என்று நான் எண்ணவில்லை. ஆனால் ஒன்று உறுத்துகிறது. லண்டன் தொழிலாளிப் பெண்ணுக்குத் தேவை என்று எந்த அறிவுக்காக அவர் கூண்டேறினாரோ, அந்த அறிவு ஏறத்தாழ நாற்பதாண்டுகள் அவர் வாழ்ந்த ஊரின் பெண்ணுக்கு அவரால் கிடைக்கவில்லை.

நிற்க. 1920களின் இறுதியில் சென்னையில் நியோ மால்தூசியன் சங்கம் என்றொரு அமைப்பு உருவானது. உயர் நீதிமன்ற நீதிபதி வேப்பா ராமேசம் போன்ற கனவான்கள் அதன் முன்னணியில் இருந்தனர். கல்வியும் செல்வாக்கும் மிக்க, பெரும்பாலும் பிராமணர்களான ஆடவர்கள். அவர்களுடைய கவலை உண்மையானதுதான். ஆனால் அது தேசத்தைப் பற்றிய கவலை, ஏழைகள் பெருகுவதைப் பற்றிய கவலை. பெண் அந்தக் கணக்கில் ஒரு எண்.

1930ஆம் ஆண்டை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும். அவ்வாண்டு ஆங்கிலிக்கத் திருச்சபையின் லாம்பெத் மாநாடு கருத்தடைக்கு முதன்முறையாகச் சிறிது கதவைத் திறந்தது. ஆண்டு முடிவதற்குள் போப் பதினோராம் பயஸ் அதை முற்றாகக் கண்டித்துச் சுற்றுமடல் வெளியிட்டார். மக்களின் மத உணர்வில் கைவைக்க அஞ்சி ஆங்கில அரசு ஒதுங்கி நின்றபோது, இந்து மகாராஜா ஆண்ட மைசூர் சமஸ்தானம் அரசு மருத்துவமனையில் கருத்தடை ஆலோசனை நிலையத்தைத் திறந்தது. அதே ஆண்டில்தான் பெரியார் 'குடி அரசு' இதழில் கர்ப்பத்தடை பற்றி எழுதினார்.

அந்தக் கட்டுரையை இன்று படித்தாலும் அதன் கூர்மை மழுங்கவில்லை. பிறர் கர்ப்பத்தடையை வேண்டுவதற்கும் தாம் வேண்டுவதற்கும் அடிப்படையிலேயே வேறுபாடு உண்டு என்கிறார் பெரியார். பெண்ணின் உடல்நலத்துக்காக, குடும்பச் சொத்து சிதறாமல் இருப்பதற்காக, நாட்டின் வறுமைக்காக என்று பிறர் சொல்லும் காரணங்களை ஒதுக்கிவிட்டு, பெண் விடுதலை பெறவும் சுயேச்சை பெறவும் அது தேவை என்பதே தம் காரணம் என்கிறார். பெண்கள் பிள்ளை பெறுவதையே நிறுத்திவிட்டாலும் குற்றமில்லை என்ற எல்லை வரைக்கும் போகிறார். உலகம் விருத்தியாகாதே என்று பதறுகிறவர்களுக்கு, உலகம் விருத்தியாகாவிட்டால் பெண்ணுக்கு என்ன நட்டம் என்ற தொனியில் அவர் கேட்கும் கேள்வியைச் சென்னைக் கனவான்கள் எவரும் கேட்டிருக்க முடியாது. புதுச்சேரியில் பாரதிதாசன் இதைக் கவிதையாக்கினார். 1938இல் குஞ்சிதம் குருசாமி வெளியிட்ட அவரது முதல் தொகுதியில் அதுவும் இடம்பெற்றது. தாலாட்டும் கருத்தடையும் ஒரே நூலில் இருப்பதில் கவிஞருக்கு முரண்பாடு எதுவும் தோன்றவில்லை. வேண்டிப் பெற்ற பிள்ளைக்குத்தானே தாலாட்டு?

காந்தி எதிர்முனையில் நின்றார். 1935 டிசம்பரில் வார்தாவில் மார்கரெட் சாங்கர் அவரைச் சந்தித்து வாதிட்டார். இன்பத்துக்கான கூடலே தவறு, பிரம்மசரியமே வழி என்பதிலிருந்து அவர் அசையவில்லை. 'பாதுகாப்பான நாட்கள்' என்ற முறைக்கு மட்டும் ஓரளவு இறங்கிவந்தார். பெண் தன் கணவனுக்கு மறுப்புச் சொல்லக் கற்கவேண்டும் என்றார் காந்தி. மறுப்புச் சொல்லும் உரிமை என்பது சிறிய விஷயமன்று. ஆனால் மறுத்தபின் அந்த இரவை அவள் எப்படிக் கடப்பாள் என்பதற்கு அவரிடம் விடை இல்லை. சுதந்திர இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர் காந்தியின் சீடர், கிறித்தவர். ஆகவே 1950களின் தொடக்கத்தில் அரசு முதலில் சோதித்துப் பார்த்தது நாள் எண்ணும் முறையைத்தான். நாட்களை எண்ணுவதற்காகப் பெண்களுக்கு வண்ண மணிமாலைகள் கொடுத்தார்கள். ஜெபமாலை உருட்டிய நாட்டில் இது எளிது என்று நினைத்தார்களோ என்னவோ! சோதனை தோல்வியுற்றது.

தமிழ்நாட்டில் அரசு எடுத்த வழி வேறு. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஆர்.ஏ. கோபாலசாமி, பிறகு சென்னை மாநிலத் தலைமைச் செயலாளரானார். மூன்றாவது குழந்தைக்கு மேற்பட்ட பிறப்புகளை நாடு தாங்காது என்பது அவர் கொள்கை. 1950களின் பிற்பகுதியில் அறுவைச் சிகிச்சை செய்துகொள்வோருக்குப் பணம் கொடுக்கும் முறையை நாட்டிலேயே முதலில் சென்னை மாநிலம் கொண்டுவந்தது. ஆளைக் கூட்டிவருபவருக்கும் ஒரு தொகை உண்டு. இதில் இன்று நினைத்தாலும் நம்ப இயலாத செய்தி, அன்று முகாம்களுக்கு வந்தவர்களில் மிகப்பெரும்பாலோர் ஆண்கள் என்பதுதான். பிறகு 'நாமிருவர் நமக்கிருவர்' என்ற முழக்கமும் சிவப்பு முக்கோணமும் ஊராட்சிச் சுவர்களுக்கு வந்தன. ('நாம் இருவர்' 1947இல் வந்த ஏ.வி.எம். படத்தின் பெயர். அது சுதந்திரத்தைப் பற்றிய படம்!)

1976இல் நெருக்கடி நிலையின்போது நிறைவேறிய அரசியல் சட்டத்தின் 42ஆவது திருத்தத்தைப் பலரும் பலவாறு பேசுவார்கள். மூன்று அம்சங்கள் அதில் ஒருசேர இருப்பதை நான் கவனித்ததுண்டு. முகவுரையில் 'மதச்சார்பற்ற' என்ற சொல்லைச் சேர்த்தது அதுதான். மக்கள்தொகைக் கட்டுப்பாட்டைப் பொதுப்பட்டியலில் சேர்த்ததும் அதுதான். மக்களவை இடங்களின் பங்கீட்டை 1971 கணக்கெடுப்பின்படி உறையவைத்ததும் அதுதான். ஏற்கெனவே 1967 தேர்தலில் தமிழ்நாட்டின் இடங்கள் 41இலிருந்து 39 ஆகிவிட்டிருந்தன. குழந்தைகளைக் குறைத்த மாநிலம் குரலையும் இழக்கக்கூடாது என்பது அந்த உறைநிலைக்குச் சொல்லப்பட்ட நியாயம். 1976-77இல் நாடெங்கும் 80 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அறுவை நடந்தது. ஆட்சி வீழ்ந்தது. ஆண்கள் முகாம்களிலிருந்து விலகிக்கொண்டார்கள். அவர்கள் விட்டுச்சென்ற இடத்தில் பெண்கள் படுக்கவைக்கப்பட்டார்கள்.

தமிழ்நாடு இலக்கை எட்டியது உண்மை. 1971இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 3.9 குழந்தைகள்; 1990களின் தொடக்கத்தில் 2.1. பள்ளிகள், சத்துணவு, கிராமச் செவிலியர், திருமண வயது உயர்ந்தது என்று காரணங்கள் பல. தலைமைச் செயலாளராக இருந்த டி.வி. ஆண்டனியின் முதலெழுத்துகளுக்கு டியூபெக்டமி, வாசெக்டமி என்று விரிவு கண்டு கேலி செய்யுமளவுக்கு அதிகாரிகள் முனைந்தனர். எந்த மதமும் இங்கே பெரிய தடையாக எழவில்லை. 'அவர்கள் பெருகுகிறார்கள், நாம் அழிகிறோம்' என்ற அச்சம் வங்கத்தில் 1909இலேயே யு.என். முகர்ஜியின் சிறுநூலாக வெளிவந்து, இன்றுவரை பிழைத்திருக்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வு சொல்வது வேறு: 1992-93இல் இந்திய முஸ்லிம் பெண்ணுக்குச் சராசரி 4.4 குழந்தைகள், 2019-21இல் 2.4. இந்துப் பெண்ணுக்கு 3.3இலிருந்து 1.9. இரு கோடுகளும் கீழ்நோக்கியே செல்கின்றன. வேகமாக இறங்கியது முதலாவதுதான்.

ஆனால் கணக்கில் வராத ஒன்று உண்டு. குடும்பம் சிறுத்தது, அதில் ஓர் ஆண்பிள்ளை வேண்டும் என்ற ஆசை சிறுக்கவில்லை. 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டபோது, பெண் சிசுக்கொலை ஏதோ மேற்கு மாவட்டங்களின் சிக்கல் என்று நாம் ஆறுதல் கொண்டோம். 2011 கணக்கெடுப்பில் கடலூர் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண்குழந்தைகளுக்குப் பெண்குழந்தைகள் 900க்கும் குறைவு. மாநிலத்தின் கடைநிலை மாவட்டங்களுள் ஒன்று. அவ்வாண்டு தொட்டில் கடலூருக்கும் வந்தது. குள்ளஞ்சாவடியும் வடலூரும் நெய்வேலியும் அந்த மாவட்டத்தில்தான் இருக்கின்றன. எந்தச் சாத்திரமும் இதைச் செய்யச் சொல்லவில்லை. ஸ்கேன் கருவியும் வரதட்சணையும் 'இரண்டு போதும்' என்ற கணக்கும் சேர்ந்து செய்தன. தேர்வு யாருடையதோ அவளிடம் கேட்காமலேயே தேர்வு நடந்திருக்கிறது. 2019-21 ஆய்வில் தமிழ்நாட்டில் கருத்தடை அறுவை செய்துகொண்ட மணமான பெண்கள் ஏறக்குறைய 58 விழுக்காடு, ஆண்கள் 0.1 விழுக்காடு.

2024 அக்டோபரில் திருவான்மியூர் மருந்தீசுவரர் கோயிலில் இந்து அறநிலையத்துறை 31 இணையருக்குத் திருமணம் நடத்திவைத்தது. அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் வாழ்த்திப் பேசும்போது பழைய வாழ்த்தை எடுத்தார். பதினாறு என்பது பிள்ளைகளை அன்று, பதினாறு செல்வங்களைக் குறிப்பது என்றுதான் நம் பெரியவர்கள் விளக்குவார்கள். குடும்பக்கட்டுப்பாட்டுக் காலத்தில் அந்த விளக்கம் மிகவும் பயன்பட்டது. தொகுதி மறுவரையறையால் இடங்கள் குறையும் நிலையில், பதினாறு பிள்ளைகளையே பெற்றால் என்ன என்ற எண்ணம் வருகிறதே என்றார் அவர். பாதி வேடிக்கை, பாதி வேதனை. 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில் வேடிக்கையும் குறைந்தது. முன்பெல்லாம் பொறுத்துப் பெற்றுக்கொள்ளுங்கள் என்போம், இப்போது உடனே பெற்றுக்கொள்ளுங்கள் என்றார். மாநில உரிமை குறித்த அவரது கவலையை நான் பகிர்ந்துகொள்கிறேன். சொன்னதைச் செய்த மாநிலம் தண்டிக்கப்படுவது அநீதி. ஆயினும் அன்று தேசத்துக்காகக் குறைத்துக்கொள் என்று பெண்ணிடம் சொன்னார்கள், இன்று மாநிலத்துக்காகக் கூட்டிக்கொள் என்கிறார்கள். சொல்லப்பட்ட இடம் ஒரு கோயில். சொன்னவர் பெரியாரின் வழிவந்ததாகக் கூறும் இயக்கத்தின் தலைவர்.

'பெண் ஏன் அடிமையானாள்?' இன்றும் மலிவுப் பதிப்பாக விற்கிறது. கர்ப்பத்தடை பற்றிய அத்தியாயம் சில பக்கங்களே. ஒரு பேருந்துப் பயணத்தில் படித்து முடித்துவிடலாம்.