ஏர்வாடி தர்காவும் மனநல ஆய்வும்

முதுகுளத்தூருக்குத் தென்கிழக்கே, மன்னார் வளைகுடாக் கரையில் உள்ள ஊர் ஏர்வாடி. இங்குள்ள சுல்தான் சையது இப்ராகிம் ஷஹீத் பாதுஷா தர்காவுக்கு மனநோய் கண்டவர்களைச் சாதி, மத வேறுபாடின்றி அழைத்து வருவது தலைமுறை தலைமுறையாக உள்ள வழக்கம். செய்வினை, ஏவல், பேய் பிடித்தல் என்று குடும்பத்தார் கருதும் துன்பம் தீர, தர்காத் தண்ணீரையும் அங்குள்ள விளக்கின் எண்ணெயையும் கொடுப்பார்கள். பாதுஷா கனவில் வந்து உத்தரவு தந்தால்தான் ஊர் திரும்பலாம் என்பது நம்பிக்கை. அதற்காக மாதக்கணக்கில் காத்திருப்பவர்களை வைத்துத் தனியார் காப்பகங்கள் பெருகின.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, மொய்தீன் பாதுஷா காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிப் போடப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தனர். ஒரே வாரத்தில் இத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டு, 500க்கும் மேற்பட்டோரை அரசு ஏற்றுக்கொண்டது. உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது. மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அடியோடு தடைசெய்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் மக்கள் தர்காவைத் தேடி வருகிறார்கள். ஏன் என்று அவர்களிடமே கேட்காத ஆய்வு அரைகுறைதான். ஆய்வாளர் ரகுராமின் குழுவினர் 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய இடங்களில் தங்குவோரை நேரில் கவனித்ததற்கு நல்ல முன்மாதிரி. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரை அவர்கள் கவனித்தனர், பெரும்பாலோருக்கு மனச்சிதைவு. கோயிலில் மருந்து தருவதில்லை. துணைக்கு உறவினர் இருப்பார். கூட்டிப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற வேலைகளும் உண்டு. சராசரியாக ஆறு வாரம் தங்கியதில் நோய்க்குறி மதிப்பெண் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத சிறிய ஆய்வு இது. மருந்து வேண்டாம் என்பதற்கு இதை ஆதாரமாகக் காட்ட முடியாது.

குஜராத்தின் உனாவா மீரா தாதார் தர்காவில் 2008இல் தொடங்கிய ‘தவா–துவா’ (மருந்தும் பிரார்த்தனையும்) திட்டத்தில் தர்கா வளாகத்திலேயே மனநல மருத்துவர் அமர்கிறார்; தர்காப் பணியாளர்களான முஜாவர்களே நோயாளிகளை அவரிடம் அனுப்புகிறார்கள். இம்முறை பின்னர் ஏர்வாடிக்கும் வந்தது. கனடாவின் மிக்மா தொல்குடி மூத்தவர் ஆல்பர்ட் மார்ஷல் முன்வைத்த ‘இரு கண் பார்வை’யும், தொல்குடி அறிவையும் மேலை அறிவியலையும் சேர்த்தே பயன்படுத்தச் சொல்கிறது. ஏர்வாடியில் அப்படிச் சேர்க்கும்போது, மருத்துவரும் தர்கா நிர்வாகமும் மட்டும் பேசி முடிவெடுப்பது போதாது. உறவினர் விட்டுவிட்டுப் போய்த் திரும்பி வராதவர்களையும் உட்காரவைத்துக் கேட்க வேண்டும்.