தெருப்பாட்டும் திருப்பாட்டும்

அயர்லாந்தின் ஓசரி மறைமாவட்டத்தில் 14-ஆம் நூற்றாண்டில் ஆயராயிருந்த ரிச்சர்டு லெட்ரீடு, தம் பேராலயப் பாடகர்கள் தெருவில் வழங்கிய காதற்பாட்டுகளைப் பாடித் திரியக் கண்டு வருந்தினார். பாடாதீர் என்று தடுத்ததோடு அவர் அமையவில்லை. கிறிஸ்து பிறப்பையும் மரியன்னையையும் போற்றும் 60 இலத்தீன் பாடல்களை அவர்கள் கையில் தந்தார். 'ஓசரியின் செந்நூல்' எனும் சுவடியில் அவை உள்ளன. சிலவற்றின் தலைப்பில் பழைய காதற்பாட்டின் அடியே மெட்டுக் குறிப்பாக நிற்கிறது!

பவேரியாவின் பெனடிக்ட்பாயர்ன் மடத்தில் 1803-இல் கிடைத்த 'கார்மினா புரானா' இன்னும் துணிவுடையது. மதுவையும் காதலையும் பாடும் பாடல்களோடு ஆண்டவருடைய பாடுகளின் நாடகமும் ஒரே சுவடியில் கிடக்கிறது. அந்நாடகத்தில் மகதலா மரியா, மனம் மாறுமுன், வணிகனிடம் முகச்சாயம் கேட்டுப் பாடுகிறாள்.

தமிழருக்கு இது புதிதன்று. கள்ளுண்டவன் கூற்றாகிய 'களி'யையும் உறுப்பாகக் கொள்ளும் கலம்பகத்தைத்தான் வீரமாமுனிவர் திருக்காவலூர் அன்னைக்குச் சூட்டினார். பெண்கள் காய் எறிந்தாடும் அம்மானையில் கித்தேரியம்மாளின் வரலாற்றைப் பாடினார். நம் நாஞ்சில் நாட்டிலோ, சுடலைமாடன் கதை சொன்ன வில்லே புனிதர் கதையும் சொல்லிற்று.

ஆயினும், வில்லுப்பாட்டு கோயில் கொடைக்குரியது, ஆலயத் திருவிழாவுக்கு ஆகாது என்போர் நம்மிடையே உண்டு. குருமடத்து இலத்தீனோடு வந்த புதிதில் நாமும் அவ்வாறே எண்ணினோம். தேவசகாயம் பிள்ளை கதையை வில்லில் பாட வந்த முதியவர் ஒருவரை வேண்டாமென்று திருப்பியனுப்பினோம். லெட்ரீடின் பாடல்களைப் பற்றிப் பின்னாளில் படித்தபோது அவரைத் தேடினோம். அதற்குள் அவர் மறைந்திருந்தார். அவர் பாட்டை எழுதி வைத்தவர் எவருமில்லை.